மணல்திட்டில் ஆள் இருக்கும் வரை

என் பெயரும் என் தகப்பனார் பெயரும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. எனக்கு வயது நாற்பத்து நான்கு. வானொலி நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பில் மாடி வீட்டில் வசிக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், ஆற்றங்கரைப் போர்முனையில் சிப்பாயாக இருக்கிறான். நிலையத்தின் நாடகப் பிரிவில் எழுதுவதும் நடிப்பதும் என் வேலை. என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. நானாகவே சொல்கிறேன்.

போன மழைக்காலம் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் நேரத்தில் ஒரு விஞ்ஞானத் தொடர் நாடகம் எழுதி நேரடியாக ஒலிபரப்பி வந்தேன். விண்வெளியில் இரண்டு கிரகத்துப் படைகள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் உடைந்துபோன ஒரு கப்பலில் தகவல் தொடர்பு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் பேசுவது மட்டும்தான் இரு தரப்புக்கும் கேட்கும். இரண்டு தளபதிகளையும் ஒரே இணைப்பில் பேச வைத்துப் போரை நிறுத்தப் பார்க்கிறாள், ஒவ்வொரு வாரமும் காரியம் கெட்டுப் போகிறது. அந்தப் பெண்ணாக நான் நடித்தேன். இரண்டு தளபதிகளாகவும் எங்கள் மூத்த நடிகர் ஒருவரே குரல் மாற்றிப் பேசினார். அவரை நிலையத்தில் எல்லோரும் மாமா என்று கூப்பிடுவோம். கப்பல் சத்தத்துக்குத் தகர டப்பாவும் மேசை விசிறியும் வைத்திருந்தேன்.

என் மகனுடன் பதுங்குகுழியில் இருக்கும் சிநேகிதன் ஒருவன். ஒல்லியாக இருப்பதால் குச்சி என்று பெயர். விடுப்பில் வரும்போது எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான், என்னையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவன் ஒரு நாள் கைபேசியில் அழைத்து, "அம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கமும் உங்க நாடகத்தைக் கேக்குறானுங்க. அது ஓடுற அரை மணி நேரம் ஒருத்தனும் சுடுறதில்ல. யாரும் சொல்லி வைக்கல, தானா அப்படி ஆயிடுச்சு" என்றான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ மேலிடத்துக்குத் தெரிந்து, நாடகத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருப்பதாக இயக்குநர் என்னிடம் சொன்னார். நானும் சரி என்று முடிவை எழுதி வைத்தேன்.

அந்த ஞாயிறு காலை, நான் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது குச்சி அழைத்தான். முதல் நாள் சாயங்காலம் ஆற்றில் ரோந்து போன படகு அடிபட்டு, என் மகனும் இன்னும் சிலரும் நடுஆற்று மணல்திட்டில் கிடக்கிறார்கள் என்றான். எதிர்த்தரப்பு ஆட்களும் சிலர் அங்கேயே கிடக்கிறார்கள், யார் போனாலும் சுடுகிறார்கள் என்றான். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். "கையை அசைக்கிறான்மா. நாடகம் ஓடுறப்ப போய்த் தூக்கிடலாம்னு இருக்கோம். ஆனா அரை மணி நேரம் பத்தாதும்மா. ஒவ்வொருத்தனாத் தண்ணியில இழுத்துக்கிட்டு வரணும்" என்றான். வேறு எதையும் அவன் என்னிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் இயக்குநர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, நாடகத்துக்குக் கூடுதல் நேரம் கேட்டேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என் கையில என்னம்மா இருக்கு? என்னையும் சேர்த்து உள்ள போடுவாங்க" என்றார். அதன் பிறகு நான் ஒலிபரப்பு அறைக்குள் போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டு, இரும்பு அலமாரியை நகர்த்தி முட்டுக்கொடுத்தேன். மாமாவிடம், வெளியே போவதானால் இப்போதே போய்விடுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "ரெண்டு தளபதியையும் வெளிய அனுப்பிட்டு நீ யாரோட பேசுவே?" என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரை நான் கட்டாயப்படுத்தவில்லை. அவர் மீது வழக்குப் போட்டிருந்தால் நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதி வைத்த முடிவு வந்தபோது அதை வாசிக்காமல் தாண்டி, தளபதிகளே, கப்பலுக்கு வெளியே ஆட்கள் கிடக்கிறார்கள், எல்லோரும் ஏறும் வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று பேசினேன். இது சங்கேத மொழியா என்று விசாரணையில் காவல் ஆய்வாளர் கேட்டார். இல்லை. இரண்டு கரையிலும் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்றே வெளிப்படையாகச் சொன்னேன். வானொலிக் கோபுரத்தில் இருந்த பொறியாளர் நினைத்திருந்தால் ஒலிபரப்பை நிறுத்தியிருக்கலாம். அவர் ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் அவருடன் பேசவில்லை.

அதன் பிறகு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினோம். தளபதிகள் சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், ஒருவர் பிள்ளைகளை மற்றவர் விசாரித்தார். வெளியே கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. எரிகற்கள் கப்பலில் மோதுவதாகச் சொல்லிச் சமாளித்தேன். மாமாவுக்கு இருமல் வந்தபோது அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "எந்தத் தளபதிக்கு இருமல்னு சீக்கிரம் சொல்லும்மா" என்றார். இரண்டு பேருக்கும் என்றேன். கதை தீர்ந்துபோன ஒரு கட்டத்தில், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் உபயோக முறையைக் கப்பலின் விதிமுறையாக வாசித்தேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. நிறுத்தினால் அவன் மணலில் கிடப்பான் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் என் காதில் மாட்டியிருந்த கருவியில் இயக்குநர் குரல் கேட்டது. "உன் பையனைக் கரை சேர்த்துட்டாங்கம்மா. பொய் சொல்லல, என் பிள்ளைங்க மேல சத்தியம். இப்பத்தான் போன் வந்தது. போதும், கதவைத் திற" என்றார்.

நான் உடனே காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன். மாமா ஒரு தளபதியின் குரலில் பாதி வாக்கியத்தில் இருந்தார். என்னைப் பார்த்துக் கையை விரித்து, என்ன என்று சைகையால் கேட்டார். நான் அலமாரியை நகர்த்தித் தாழ்ப்பாளைத் திறந்தேன். காவலர் ஒருவர் உள்ளே வந்து விசையை அணைத்தார். கதவை யாரும் உடைக்கவில்லை. நான்தான் திறந்தேன். மற்றவர்களும் வந்துவிட்டார்களா என்று இயக்குநரிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் இந்தக் காவல் நிலையத்தில் வைத்து ஆய்வாளர் தமது கைபேசியைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் என் மகனுடன் பேச அனுமதித்தார். ஒரு காலை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்வான். அவன் தன் காலைப் பற்றிப் பேசவில்லை. "குச்சி என்னைக் கரையில போட்டுட்டு மறுபடியும் போனான்மா. அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு மூச்சு இருந்துச்சு. அவனைத் தோள்ல தூக்கிட்டான். அப்பத்தான் ரேடியோ நின்னுது" என்றான். முதலில் எந்தக் கரையில் இருந்து சுட்டார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு பக்கமும் சுட்டிருக்கிறார்கள். குச்சியும் அவன் தூக்கியிருந்த பையனும் திட்டிலேயே இறந்துபோனார்கள். உடல்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

கதவைப் பூட்டியதற்கும் உத்தரவை மீறியதற்கும்தான் வழக்கு, திறந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அது தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டதால் எழுதப்பட்டது.

நேற்று என் தங்கை என்னைப் பார்க்க வந்தாள். குச்சியின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா கடைசி வரைக்கும் என் பிள்ளைக்காகவும்தான பேசினாங்க, அவங்களை அழ வேண்டாம்னு சொல்லு" என்றாராம். நான் பாதியில் கதவைத் திறந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் தங்கையும் சொல்லவில்லை. எனக்கு நேரில் சொல்லும் தைரியம் இல்லை. ஆகவே இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்த அம்மாளுக்குக் கொடுக்கும்படியும், அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் யாராவது ஒருவர் கூட இருந்து முழுவதும் வாசித்துக் காட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)