நடு ஆத்துல இருவது நிமிசம்

மேடையில இருக்கிற ஆபீசருங்களும் கேளுங்க, கீழ இருக்கிற என் சனமும் கேளுங்க. வாதாட எனக்கு வராது. நடந்த ஒண்ணைச் சொல்றேன்... சின்னக் கதைதான்.

ஆத்துக்கு அந்தாண்ட நம்ம சிப்பிக்காடு. இந்தாண்ட சர்க்கார் கட்டின படகுத்துறை. அதை விட்டா கரையேற வேற எடம் உண்டா? சுத்தியும் சேறு. ஊர்ப் படகை ஓட்டினவன் நான்.

பக்கத்துத் தீவுல ஆலை வந்துச்சு. வேலையாளுங்களை ஏத்திப் போக கம்பெனி சொந்தப் படகு விட்டுச்சு. ஏறுற எடம் நம்ம துறை. காலையில ஏழரைக்கு ஆலைச் சங்கு ஊதும். ஊதினா நான் நடு ஆத்துல எஞ்சினை அணைச்சிருவேன். அவங்க ஏறிப் போன பிறகுதான் கட்டுவேன். அப்படி யாரு சொன்னா?... யாரும் சொல்லல. மொத நாளு மரியாதைக்கு ஒதுங்கினேன். மறுநாளும் ஒதுங்கினேன். ஒம்போது வருசம் ஒதுங்கினேன்.

ஒரு ஐப்பசி மாசம்... அஞ்சப்பன் பொஞ்சாதி தேசம்மாவுக்கு மூச்சு முட்டல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, அவ தலையை மடியில வச்சுக்கிட்டு என் படகுல வர்றான். துறைக்கு நூறடி இருக்கு. சங்கு ஊதிருச்சு. நான் எஞ்சினை அணைச்சேன்.

கம்பெனிப் படகு வரல. தீவுலயே அதுக்கு ஏதோ கோளாறாம், பிறகு தெரிஞ்சது. துறை காலியாக் கெடக்கு.

அஞ்சப்பன் மெதுவாத்தான் கேட்டான். "அண்ணே... துறை காலியாத்தானே இருக்கு?"

"சங்கு ஊதிட்டாங்கடா. கொஞ்சம் பொறு."

படகுல முப்பது பேரு. பத்தாவது படிச்சவங்களும் இருந்தாங்க. ஒருத்தர் பேசினாங்களா? மாப்பிள்ளை ஊர்வலம் இன்னிக்கு லேட்டுன்னு ஒருத்தன் கம்பெனிப் படகைக் கிண்டல் பண்ணினான். சிரிச்சோம். ஆமா... நானும் சிரிச்சேன்.

இருவது நிமிசம். அஞ்சப்பன் சட்டையைப் புடிச்சிருந்த தேசம்மா கை... விட்டிருச்சு.

அதுக்குப் பிறகுதான் எஞ்சினைப் போட்டேன். கரையேறினதும் துறைக் காவக்காரர் கோதண்டம் ஓடி வந்தாரு. "ஏன் அங்கயே நின்னீங்க? வந்து கட்டியிருக்கலாமே."

கம்பெனி நேரமாச்சேன்னேன். அவரு போர்டைக் காட்டினாரு. எந்நேரமும் எல்லாப் படகுக்கும்னு எழுதியிருக்காம். ஒம்போது வருசமா அந்தப் போர்டுக் கம்பத்துலதான் நான் கயிறு கட்டினேன். என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் யாரையும் கேக்கல.

இதை ஏன் இங்க சொல்றேன்? சாயங்கால நேரமும் துறை வேணும்னு கம்பெனி இன்னிக்கு மனு குடுத்திருக்கு. கேக்கிறாங்க, கேக்கட்டும். காலை நேரத்தை அவங்க கேக்கவே இல்லையே... நாமளாத்தானே குடுத்தோம்? அதுக்கு யாரை வையிறது? சம்மதம்னா கையைத் தூக்கச் சொல்லுவாங்க. தூக்கறதுக்கு முன்னால அந்தப் பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்லுங்க. உசுருக்குப் போராடுற ஆளோட வர்ற ஊர்ப் படகு எங்க கட்டும்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் உக்காராதீங்க.

அஞ்சப்பன் அந்தா, கடைசி வரிசையில இருக்கான். என்னை இதுவரைக்கும் ஒரு வார்த்தை ஏசினதில்ல. இன்னிக்கும் ஊர்ப் படகுலதான் வர்றான்... துறைக்கு முதுகு காட்டித்தான் உக்காருவான்.