கடிதத்தில் இருந்த தேதி

– கேக்குதா மேடம்? இங்க காத்து ஆளையே தூக்குது. பதினாறு மாடிக்கு மேல, லிப்ட் மோட்டார் ரூம் வாசல்ல நின்னு பேசுறேன்.

– "வேலை கிடைச்சிருச்சு" வரைக்கும் கேட்டுச்சு அண்ணே. அப்புறம் ஒரே இரைச்சல்.

– அப்ப விஷயம் வந்து சேந்துருச்சு. மிச்சமெல்லாம் அலங்காரம்தான்.

– அதையும் சொல்லுங்க. நாலு மாசமா ஒரு தகவலும் இல்ல. வேலையை விட்டு நின்ன கையோட கண்காணாத நாட்டுக்குப் போயிட்டீங்களேன்னு...

– நின்னேனா? நிப்பாட்டிட்டாங்கன்னு சொல்லுங்க மேடம்.

– சரி. நிப்பாட்டிட்டாங்க.

– கோவத்துல சொல்லல. இருபத்திரண்டு வருஷம் நம்ம கம்பெனி லிப்டுங்களோட மல்லுக்கட்டுனவன், நாப்பத்தெட்டு வயசுல பெட்டியோட வந்து இறங்குனேன். மச்சினன் ரூம்ல எட்டுப் பேரு. எனக்குக் கிடைச்சது கதவோரம். யாரு வெளிய போனாலும் என்னைத் தாண்டித்தான் போகணும், பாத்துக்கோங்க.

– அய்யோ! வேலை தேடி ரொம்ப அலைஞ்சீங்களா?

– செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் படியேறித்தான் போவேன். லிப்ட்ல போனா அதோட கோளாறெல்லாம் காதுல விழுது. அப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குது!

– நீங்க மாறவே இல்லண்ணே.

– ஒரு ஓட்டல்ல தட்டு கழுவுனேன். "திரும்பி வந்துருங்க, இருக்கறதை வெச்சுப் பாத்துக்கலாம்"னு வீட்டுக்காரி போன்ல அழுதா. அன்னிக்குத்தான், நான் கிளம்புறப்ப நீங்க குடுத்த கடிதத்தை வெளிய எடுத்தேன்.

– அதுவரைக்கும் யாருக்கும் காட்டலியா?

– நானே பிரிச்சுப் படிக்கல. பெட்டியடியில கெடந்துச்சு. வீம்பு மேடம். வேலையையும் பிடுங்கிட்டு நற்சான்று வேறயான்னு.

– ம். அப்புறம்?

– இங்க இருக்கற மேனேஜரம்மா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. "இவர் பழுது பார்த்த லிப்டில் என் பிள்ளைகளைத் தயங்காமல் ஏற்றுவேன்"னு எழுதியிருந்தீங்கள்ல, அங்க விரலை வெச்சுக்கிட்டு, "இவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டுன்னேன். "கீழ ஒரு லிப்ட் மூணு நாளா படுத்துது, பாருங்க"ன்னாங்க.

– என்ன கோளாறு?

– கதவு மூட மூடத் திறக்குது. மேல பலகையெல்லாம் கழட்டிப் போட்டுத் தேடியிருக்காங்க. நான் குனிஞ்சு பாத்தேன். கதவு ஓடுற பள்ளத்துல பட்டாணி அளவு ஒரு கல்லு! ஊக்கால நெம்பி எடுத்தேன். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம் மேடம். என் வீட்டுல விளக்கெரியுதுன்னா அது நீங்க எழுதுன எழுத்து.

– எனக்கு நன்றி சொல்லாதீங்கண்ணே.

– ஏன், சொன்னா கொறைஞ்சா போயிருவேன்?

– இல்லண்ணே, கேளுங்க. ரெண்டு மெக்கானிக்ல ஒருத்தர் போதும், யாரை நிப்பாட்டறதுன்னு மேலேருந்து என்னைத்தான் கேட்டாங்க. நீங்களா, சோடாபுட்டியா. அவரு சம்சாரம் அப்ப ஆஸ்பத்திரியும் வீடுமா கெடந்துச்சு. நீங்க எங்க விழுந்தாலும் எழுந்து நிப்பீங்கன்னு நானா நெனைச்சுக்கிட்டேன். உங்க பேரை எழுதிக் குடுத்தது நான்தான்.

– ம்.

– பேசுங்கண்ணே. நாலு வார்த்தை திட்டவாவது திட்டுங்க.

– சோடாபுட்டி சம்சாரம் இப்ப எப்படி இருக்கு?

– எழுந்து நடமாடுது. சமைக்கக்கூட ஆரம்பிச்சிருச்சாம்.

– அப்ப சரி.

– என்ன சரி? நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?

– விழுந்துச்சு தங்கச்சி. ஆனா எனக்குப் புதுசில்ல. கடிதத்துல நீங்க போட்டிருக்கற தேதி, எனக்கு வேலை போறதுக்கு ஒம்பது நாள் முந்தினது. என் பேரைக் குடுத்தது நீங்கதான்னு பிரிச்ச அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் நன்றி சொல்லக் கூப்பிட்டேன்.