துருப் பூசின நீர்மூழ்கி

"குக்கர் மூடிக்குள்ள இருந்த ரப்பர் வளையத்தைக் காணோம். எடுத்தது நீயா, பூனையாடா?" என்று கனகாம்பாள் கத்திக்கொண்டிருந்தாள்.

"பூனையா இருந்தா பாலைன்னா எடுத்திருக்கும்," என்றான் அவள் பிள்ளை அனந்தநாராயணன். அவன் குரலும் தாழ்வாக இல்லை. "உனக்கு வேற வாங்கித் தரேன்மா. நாலு நாள் பொறு."

"நாலு நாளும் ஊறப்போட்ட அரிசியா திங்கறது? வயசு முப்பத்திரண்டு ஆறது. தொட்டியில கப்பல் விட்டுண்டு நிக்கறான். கேக்கறவாகிட்ட என்ன சொல்லுவேன் நான்?"

"நீர்மூழ்கின்னு சொல்லு. கப்பல் மேலேயே நிக்கும்."

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, மழை பிடிக்கிறதற்கு முந்தின வாரம், காலை ஏழரை மணி. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர்தான். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. காதில் விழுவதைத் தள்ளிவிடுகிற பழக்கமும் இல்லை. சந்தில் பதினொரு தமிழ்க் குடும்பம். யார் வீட்டில் யார் வந்தார்கள், எது உடைந்தது என்று தெரிய வேண்டுமானால் "லோகாம்பாள் மாமியைக் கேளு" என்பார்கள். நான் சொன்னால் அது நடந்ததுதான். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது விளங்கும். எட்டு வருஷமாக யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால்தான் சொல்லவில்லையே தவிர, மறைக்கவில்லை.

அனந்துவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தான். மேலதிகாரிக்குச் சலாம் போட முதுகு வளையவில்லை என்று வேலையை விட்டுவிட்டு வந்தான். வந்தவன் இரண்டு வருஷமாகக் கொல்லையில் உட்கார்ந்து நாலடி நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் பண்ணினான். ஆறு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்தான் உடம்பு. மூக்கும் வாலும் பலாக்கட்டை. உள்ளே மோட்டார், பாட்டரி, கப்பல் வேலைக்குப் போன சிநேகிதன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரேடியோ. கரையில் நின்று கையிலிருக்கும் பெட்டியில் குச்சியை ஆட்டினால் அது தண்ணீரைக் குடித்து இறங்கும், கக்கிவிட்டு ஏறும். குழாய் நடுவில் இரண்டாகப் பிரியும். அந்த மூட்டில் தண்ணீர் புகாமல் இருக்கத்தான் குக்கர் வளையம். எங்கள் சந்தில் எல்லார் வீட்டிலும் ஒரே அளவுச் சின்ன குக்கர். ஓணத் தள்ளுபடியில் சேர்ந்து போய் வாங்கினது.

இதுவரைக்கும் பைத்தியம் என்றால் ஒரு தரத்துப் பைத்தியம். கப்பல் முடிந்து, சாம்பல் நிறம் அடித்து, புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று நின்றதா? அதற்கப்புறம் அதைப் பாழாக்க ஆரம்பித்தான். ஈரப் பெயிண்டின்மேல் கல் உப்பைத் தூவுவான். அதன்மேல் வேறு நிறம் அடிப்பான். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் பெயிண்ட் உரிந்த இடம் மாதிரி தெரியும். செங்கல் பொடியில் டிக்காஷனை விட்டுக் குழைத்து ஆணி ஆணியாகத் துரு வைத்தான். சாக்குக்கட்டியை உரசி உப்புப் பூத்த கோடு இழுத்தான். தண்ணீர் மட்டத்துக்குப் பச்சைப் பாசி. மட்டாஞ்சேரியில் சுவரைச் சும்மா விட்டால் ஒரே மழையில் இத்தனையும் தானே வந்துவிடும். இவனுக்கு நாலு மாசம் ஆயிற்று.

"எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"கடல்ல கிடந்த மாதிரி இருக்கணும் மாமி. புதுசா இருந்தா பொம்மை. பழசா இருந்தாத்தான் கப்பல்."

பெரிய தத்துவம்.

அம்மாவின் வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கினான். மூட்டில் அதன் விளிம்பு மட்டும் கறுப்பாக வெளியே தெரியும். அது புதுசாகத் தெரிகிறதாம். அதனால் அதன்மேல் சாம்பலைத் தேய்த்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் வெடிப்பு வெடிப்பாகக் கோடு வரைந்தான். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கங்கா.

கங்கா என் வீட்டுக்காரரின் அண்ணா பெண். பதினொரு வயசில் தாயும் தகப்பனும் போய் என்னிடம் வந்தாள். அவளை நான் வளர்த்தேன். அவள் எனக்குச் சமைத்தாள், துவைத்தாள், கடைக்குப் போய் வந்தாள், வந்ததும் வழியில் கண்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். முட்டுவலி வந்த பிறகு என் கண்ணும் காலும் அவள்தான். அனந்துவைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது அவளுக்கு இருபத்தாறு. கனகாம்பாளுக்கும் சம்மதம், ஒரே நிபந்தனை, பிள்ளைக்கு முதலில் வேலை.

அந்த வேலை அவனைத் தேடி வந்தது. பம்பாயில் மாதிரிக் கப்பல் பண்ணுகிற கம்பெனி ஒன்று. அங்கே பெரிய உத்தியோகத்தில் இருந்த ராமபத்ரன் என்கிற பாலக்காட்டுக்காரர் ஆலப்புழைக்கு வருகிற வழியில் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். நீர்மூழ்கி முங்கி எழுந்தால் கையோடு உத்தரவு. கர்க்கடகம், அதாவது ஆடி, கழிந்து சிங்கமாசம் பிறந்ததும் கல்யாணம். கங்கா பம்பாய்க்குப் போய்விடுவாள்.

நாள் குறித்ததும் அனந்துதான். உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ போகாதாம். மழை வெள்ளம் இறங்கிக் காயல் உப்பு விட்டிருக்கும்போதுதான் ஓட்ட முடியுமாம். அது கர்க்கடகத்தில். நாங்கள் அந்த மாசத்தில் ஒரு புது மண்பானைகூட வாங்கமாட்டோம். இவன் அதையே கேட்டு வாங்கினான். காயல் கலங்கிச் சாயா நிறத்தில், இழுத்துக்கொண்டு ஓடுகிற மாசம்.

நான் அந்தப் பெண்ணின் நன்மையைத்தான் நினைத்தேன். செங்கல் பொடியோடு குடித்தனம் பண்ண முடியுமா? பம்பாயில் ஒற்றை அறையில் இவன் பொம்மை ஓட்டிக்கொண்டிருந்தால் இவளை யார் பார்ப்பார்கள்? "போனதும் வாராவாரம் லெட்டர் போடறேன் சித்தி," என்றாள். லெட்டர் வந்து எனக்கு ரசம் வைக்குமா?

ராமபத்ரன் வருகிற அன்று காலை அனந்து அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனான். கனகாம்பாள் கோவிலுக்குப் போனாள், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு. எப்போதும் என்னிடம்தான் கொடுப்பாள். நான் உள்ளே போய் மூட்டின் நாலு கொக்கியை விடுவித்தேன். அவனுடைய புது வளையத்தை எடுத்தேன். என் குக்கரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டிருந்த பழசை வைத்தேன். மூன்று வருஷம் வெந்தது. விறைத்து, சுற்றிலும் வெடித்திருந்தது. கொக்கியை மாட்டினேன். காபி ஆறுவதற்குள் திரும்பிவிட்டேன். அது மூழ்கிப் போகட்டும், பம்பாய்க்காரர் சிரித்துவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

அவன் கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் படித்துறையில் வைத்துக் கடைசியாக ஒரு தரம் மூட்டைத் தடவிப் பார்த்தான். வெடிப்புமேல் விரலை ஓட்டினான். அவன் முகத்தில் ஒரு பெருமை.

"பாத்தேளா மாமி, நிஜமாவே விண்டிருக்கற மாதிரி இல்லை?"

"நிஜம் மாதிரியேதான் இருக்கு," என்றேன்.

எதையும் பழசாக்கிப் பார்த்தே பழகினவனுக்கு நிஜப் பழசு எதிரே வந்தபோது அடையாளம் தெரியவில்லை. தன் கைவேலை என்று நினைத்துவிட்டான். இப்படிப்பட்டவனுக்கு உத்தியோகம் கொடுக்கப் பம்பாயிலிருந்து ஒரு மனுஷர்.

முதல் தரம் முங்கி எழுந்தது. ராமபத்ரன் "பேஷ்" என்றார். இரண்டாம் தரமும் எழுந்தது, கொஞ்சம் சாய்ந்து. மூன்றாம் தரம் இறங்கினது இறங்கினதுதான். இரண்டு குமிழி வந்தது. அனந்து குச்சியை ஆட்டினான், பெட்டியைக் கங்கா கையில் கொடுத்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினான். மார்பளவு, கழுத்தளவு. கலங்கல் தண்ணீரில் கலங்கல் நிறம் அடித்த கப்பலைத் தேடுகிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. எட்டு வயசில் கிணற்றில் விழுந்து பயந்ததிலிருந்து ஆழத்துப் பக்கம் போகாதவன். இது கனகாம்பாள் எனக்கு மட்டும் சொன்னது. கங்காவுக்குக்கூடத் தெரியாது.

அப்புறம் தலை தெரியவில்லை.

பக்கத்துப் பண்டகசாலையில் மூட்டை தூக்குகிற சங்கிலிப்பாண்டி, திருநெல்வேலிக்காரன், தலைத்துண்டை எறிந்துவிட்டு முதல் படியில் நின்றான். நல்ல நீச்சல்காரன். குதிக்கிறதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்தான். உயரத்தில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். தவிர எங்கள் பக்கத்தில் எதையும் என்னைத்தானே கேட்பார்கள்.

"எம்மா, ஆளு எங்கன போனாரு?"

"அதோ, அந்த வள்ளத்துக்கு அந்தண்டை ஏறிட்டான். நான் பார்த்தேன்," என்றேன்.

நிதானமாகத்தான் சொன்னேன். நிதானமாகச் சொன்னால்தான் நம்புவார்கள். பாண்டி ஓடினான், இரண்டு தோணிக்காரர்கள் ஓடினார்கள், ராமபத்ரன் ஓடினார். கங்காவும் ஓடினாள், அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே. சுமை ஏற்றின வள்ளங்கள் அங்கே வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தாண்டி, எட்டிப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பி வர நேரமாகும்தானே. ஆயிற்று.

அனந்துவைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். கண் மங்கலில் சொல்லிவிட்டேன் என்று எல்லாரும் எனக்காகப் பேசினார்கள். கனகாம்பாளே சொன்னாள், பாவம் மாமி என்ன பண்ணுவா என்று. என் கண்ணுக்கு அப்போது ஒரு கோளாறும் கிடையாது. அனந்துவின் கை படிக்குக் கீழே, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதுகுக்குப் பின்னால், பாண்டி நின்ற இடத்திலிருந்து இரண்டு முழத்தில், தண்ணீருக்கு மேலே இருந்தது. விரல் விரித்திருந்தது. மூன்று தரம் வந்தது. அதை நான் பார்த்துக்கொண்டேதான் வள்ளத்தைக் காட்டினேன்.

அந்தப் புது வளையத்தை வீணாக்குவானேன் என்று என் குக்கரில் போட்டிருந்தேன். தேய்த்துக் கழுவியும் அவன் வரைந்த கோடு போகவில்லை, நல்ல பெயிண்ட். ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு நாள் கங்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அதுவரை மூடியைக் கழுவுவதையும் மாட்டுவதையும் மட்டும் நான் அவளிடம் விட்டதில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

"இது எப்ப வாங்கினது சித்தி?"

"போன வருஷம்."

மூடியைக் கழுவித் துடைத்தாள். சாதம் வைத்தாள், எனக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள், தான் சாப்பிடவில்லை.

கனகாம்பாள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கல்பாத்தியில் பெண்ணோடு போய் இருக்கிறாள். சங்கிலிப்பாண்டி அந்த வேலையே வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டான். பேச்சி என்று ஒருத்தியைக் கட்டியிருக்கிறானாம். கங்கா எண்பத்து மூன்றில் வைட்டிலாப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த வெங்கிட்டு என்கிறவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஜாம்ஷெட்பூர் போனாள். சந்தில் பத்து வீட்டிலும் ஏறிச் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறாள். எனக்குப் பதினொரு நாள் கழித்துப் பால்காரன் சொன்னான். வெட்கப்படுகிற பெண்; வளர்த்தவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நா எழுந்திருக்காது. ஆறு வருஷம் ஆகிறது; இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு லெட்டர் போடுவாள். என்னைத் தவிர அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?