வெளிச்சம் நன்றாக இருந்த இடம்

ரயிலில் சத்தம் வைத்து வீடியோ பார்க்கிறவன் நான் இல்லை சார். காதில் மாட்டிக்கொண்டுதான் பார்ப்பேன். விழுப்புரத்தில் ஏறினால் பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு எபிசோட் முடிந்துவிடும். திண்டிவனத்தில் இறங்கிக் குடோனுக்கு நடந்துவிடுவேன்.

அது ஒரு ஆபீஸ் காமெடித் தொடர். அந்த ஆபீஸை யாரோ ஆவணப்படம் பிடிக்கிற மாதிரி எடுத்திருப்பார்கள். அடிதடி, அழுகை எதுவும் கிடையாது. மேனேஜர் உளறுவார், குமாஸ்தா ஒருவன் மெல்லத் திரும்பி கேமராவைப் பார்ப்பான், அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும். அவன் படுகிற பாட்டைப் பார்க்க ஆள் இருக்கிறதே என்று பொறாமையாக இருக்கும். பதினோரு வருஷமாக நான் பட்டதை ஒருவரும் பார்க்கவில்லை.

தை மாதம் எங்கள் மல்லாட்டைக் குடோனில், வேர்க்கடலைதான் சார், கேமரா வைத்தார்கள். மேனேஜர் சீனுவாசன் உளறும்போதெல்லாம் நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். பில் போடுகிற புனிதா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாண்ணா, மேலயே பாத்துக்கினு இருக்கீங்க? அங்க பல்லிகூட இல்லியே."

சீனுவாசன் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் லோடுமேன்களை நிற்கவைத்துப் பேசுவார். முக்கியமான இடம் வந்தால் பக்கத்தில் இருப்பது எதுவானாலும் ஓங்கித் தட்டுவார்.

அன்று லோடுமேன்களில் மூத்தவரான வேங்கடேசன் அண்ணன் முதலில் என்னிடம்தான் வந்தார். "கதவாண்ட இருக்கிற அட்டி வயிறு தள்ளிக்கினு நிக்குது ஜினபாலா. மேனேஜராண்ட ஜல்தியா சொல்லிடு." சொல்கிறேன் என்றேன். அவர் லாரிப் பக்கம் போய்விட்டார்.

மூட்டை அடுக்கைத்தான் அட்டி என்போம். அது சரிந்தால் முதலில் பார்க்கிறவன் "சாயுது" என்று கத்த வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன ஏது என்று கேட்காமல் எல்லோரும் ஓடுவார்கள்.

அன்றைக்குப் பேச்சு பாதுகாப்பைப் பற்றி. கேமராவுக்கு நேராக, அந்த அட்டியின் ஓரத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது. "சார், இங்க வந்து நின்னு பேசுங்க" என்று கூப்பிட்டது நான்தான். அவர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றார். "சேஃப்டிதாம்பா முக்கியம்" என்று மூட்டையில் இரண்டு தட்டு தட்டினார். லோடுமேன்கள் வழக்கம்போல் தலையைக் குனிந்து நின்றார்கள். உச்சி மூட்டை அசைந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான்.

வார்த்தை வாய்வரை வந்தது. சொல்ல நேரமும் இருந்தது. சொன்னால் காட்சி கெட்டுவிடும். நான் மெல்லத் திரும்பி கேமராவைப் பார்த்தேன்.

எல்லாம் உரித்த மல்லாட்டைப் பருப்பு மூட்டை, ஒவ்வொன்றும் எண்பது கிலோ. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே சீனுவாசன் போய்விட்டார். அவர் சம்சாரத்தைப் பார்த்து நான் அழுதேன், அதுவும் நிஜம். எங்கள் ஜைன வீடுகளில் எறும்பை மிதிக்கக்கூடப் பயப்படுவோம். அவர்மேல் என் விரல்கூடப் படவில்லை.

நீங்கள் அந்தப் பதிவை நாலைந்து தடவை போட்டுப் பார்த்ததாக ஏட்டு சொன்னார். தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். நான் திரும்பிப் பார்க்கிற இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்ததா சார்?