மந்திரம் கலைந்தால் போதும்

மின்விசிறியை என் பக்கம் திருப்ப வேண்டாம், ஐயா, எனக்குச் சளி பிடித்துக்கொள்ளும். நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லுவேன். பிரேசர் டவுனில் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுத்து எடுத்து வந்த பழக்கம். எதையும் அடியிலிருந்து சொன்னால்தான் மேலே இருப்பது புரியும்.

ஜீவனஹள்ளியில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனு, சுதீருடைய வண்டியின் பிரேக்கைத் தான்தான் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டதாக ஸ்டேஷனில் உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த வாரம் வண்டியை சர்வீஸ் செய்தவன் அவன்தான். நண்பன் செத்ததற்குத் தானே காரணம் என்று மனதார நம்புகிறான். ஆனால் அவன்மேல் தப்பில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல, முதலில் எங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே விளையாடும் ஆட்டம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஒரு பழைய ராஜ்யத்தின் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்லுவார்கள். செய்தது பலித்ததா என்பதைத் தீர்மானிக்க வெளிநாட்டில் விசேஷப் பகடைகள் உண்டு. எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். சீனு வீரன். சுதீர் மந்திரவாதி. அவன் தங்கை ஸ்னேஹா, மந்திரத்தால் காயம் ஆற்றும் வைத்தியக்காரி. நடத்துவது நான். நடத்துபவனுக்கு என்று கதையில் ஆள் கிடையாது. அவன் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. அதனால் அவனுக்கு யார்மீதும் பொறாமை வர வழியில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தில் கஷ்டமான வேலை, மந்திரம் தெரிந்தவர்களை மற்றவர்களுக்குச் சமமாக நிறுத்துவது. வீரன் ஒவ்வொரு படி ஏறும்போதும் கொஞ்சம் பலம் கூடுகிறான். மந்திரவாதி அப்படியில்லை. ஆரம்பத்தில் விளக்கேற்றவே திணறுவான். போகப்போகப் பறப்பான், மறைவான், ஒரு படையையே எரிப்பான். ஒரு கட்டத்துக்குப் பிறகு பக்கத்தில் இருப்பவனுக்கு வேலையே இருக்காது.

“மச்சா, இவன் கைய ஆட்டுனா அரக்கன் எரிஞ்சு போறான். நான் எதுக்கு? இவன் மூட்டைய தூக்கவா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனு கேட்டான்.

“தூக்கு குரு, கூலி தரேன்” என்றான் சுதீர்.

“உன் கதை பரவால்ல சீனு. யாருக்காவது அடி பட்டாத்தான் எனக்கு வேலையே. கொஞ்சம் நல்லா அடி வாங்குங்கப்பா, ப்ளீஸ்” என்றாள் ஸ்னேஹா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கவலைப்பட்டேன். சிரித்துக்கொண்டே சொல்பவர்கள்தான் அடுத்த மாதம் வராமல் போவார்கள்.

ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்று வைத்துப் பார்த்தேன். சுதீர் ஒரு சண்டை முடிந்ததும் குகையில் படுத்துத் தூங்கி, அடுத்த நாளை வரவழைத்தான். மந்திரத்துக்கு அபூர்வமான வேர் வேண்டும் என்றேன். அவன் அந்த வேரைத் தோட்டம் போட்டு வளர்த்தான். கெட்டிக்காரன், ஐயா. நான் எழுதும் எந்தச் சட்டத்திலும் ஓட்டையைக் கண்டுபிடிப்பான். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் இப்போது என்ன செய்யப்போகிறான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சரியான வழி கிடைத்தது. பலத்தைக் குறைக்கக் கூடாது. அதை வெளிப்படுத்தும் நேரத்தில் ஆளைப் பலவீனமாக்க வேண்டும். பெரிய மந்திரத்தைச் சொல்லி முடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு சின்ன அடி பட்டாலும் மந்திரம் கலைந்துவிடும். ஆள் சாக மாட்டான், மந்திரம் மட்டும் போகும். இந்த ஒரு மாற்றத்தில் எல்லாம் நேரானது. அடி படாமல் இருக்க மந்திரவாதி வீரனின் முதுகுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. வீரனைத் தேற்ற வைத்தியக்காரி வேண்டியிருந்தது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். அதைப் பார்ப்பது எவ்வளவு அழகு என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஸ்னேஹாவிடமும் ஒரே ஒரு மந்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன். செத்தவனை எழுப்பும் மந்திரம். அவள் சண்டை போட்டாள். சாவைத் திருப்பலாம் என்றால் யாரும் எதற்கும் பயப்பட மாட்டார்கள், பயம் இல்லாத ஆட்டத்தில் உயிர் இருக்காது என்று விளக்கினேன். கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் உங்களுக்கே தெரியும், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று அமெரிக்காவுக்கு ஆள் எடுக்கிறார்கள். வைட்ஃபீல்டில் வேலை பார்த்த சுதீரும் தேர்வானான். சென்னையில் விசா இன்டர்வியூ. அன்று போகாவிட்டால் கம்பெனி வேறு ஆளை அனுப்பிவிடும். நான் யோசித்தேன். மேசையில் ஒரு நாற்காலி காலியாகும். மந்திரவாதி இல்லாத வீரனும் வைத்தியக்காரியும் எத்தனை வாரம் வருவார்கள்? ஒருவனுடைய பலம் மற்ற எல்லோருடைய ஆட்டத்தையும் முடித்துவிடுகிறது. இது நான் ஏற்கெனவே தீர்த்த கணக்கு என்று அப்போதுதான் தோன்றியது. அவன் மந்திரத்தின் நடுவில் இருந்தான். ஒரு சின்ன அடி போதும்.

இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடையில் யாரோ வண்டிக்காகக் காத்திருக்கிறார் என்று சீனு பாதியிலேயே கிளம்பிவிட்டான். ஸ்னேஹா சமையலறையில் என் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். சுதீர் குளியலறைக்குப் போனபோது நான் வாசலுக்குப் போனேன். பிரேக் ஒயரைப் பிடித்திருக்கும் நட்டு மிகவும் இறுக்கமாக இருந்தது. சீனு எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்ல. ஸ்பானரைப் பிடித்துத் திருப்பியதில் என் உள்ளங்கை கன்றிப்போனது. அதனால்தான் சொல்கிறேன், அவன்மேல் தப்பில்லை.

நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. அவன் வீட்டுக்குப் போகும் வழி எனக்கு மனப்பாடம். தெருக்கோடியில் வீடு கட்ட மணல் கொட்டியிருக்கிறார்கள். அந்தத் திருப்பத்தில் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். அங்கே பிரேக் பிடிக்காவிட்டால் மணலில் சாய்வான். மணிக்கட்டு பிசகும், அல்லது முழங்கையில் ஒரு விரிசல். மாவுக்கட்டோடு சென்னைக்குப் போக முடியாது. எலும்பு கூடுவதற்குள் வேறு ஆள் போயிருப்பான். ஸ்னேஹா பின்னால் உட்கார்ந்து போகக் கூடாது என்பதற்காக, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவளை நிறுத்தி வைத்தேன். யாருக்கும் தேவைக்கு மேல் அடி படக் கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.

சுதீர் அந்தத் திருப்பத்துக்குப் போகவில்லை. என் வாசலிலேயே பிரேக்கை ஒரு தரம் பிடித்துப் பார்த்திருக்கிறான். “தியோ, பிரேக் ஸ்வல்ப லூஸா இருக்குடா, சீனுகிட்ட காட்டிட்டுப் போயிடறேன்” என்று தெருவிலிருந்து குரல் கொடுத்தான். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். சரி என்று தலையாட்டினேன். எதிர்ப்பக்கம் திரும்பி, மெயின் ரோடு வழியாக ஜீவனஹள்ளிக்குப் போனான். ஆபத்து என்றால் வீரனிடம் ஓட வேண்டும் என்று பழக்கியவன் நான்தான். சிக்னல் தாண்டி ஒரு பஸ் குறுக்கே திரும்பியிருக்கிறது. சீனுவின் கடை அங்கிருந்து கூப்பிடு தூரம். சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவனும் அவன்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்னேஹா என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, “அந்த மந்திரத்த நீ எடுத்திருக்கக் கூடாது தியோ” என்றாள். துக்கத்தில் மனிதர்கள் இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று மறுபடி விளக்க நினைத்தேன்; அது அதற்கான இடம் இல்லை.

சீனு கடையைப் பூட்டிவிட்டான். இனி ஸ்பானரைத் தொடவே மாட்டேன் என்றான். நேற்று அவனே உங்களிடம் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் நானும் கிளம்பி வந்துவிட்டேன். ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் தண்டனை வாங்குவது எந்த ஆட்டத்திலும் சரியில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வண்டியில் கை வைத்தவன் நான். சுதீர் இறந்தது என்னால்தான். நாங்கள் நாலு பேரும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

ஸ்னேஹா இன்னொரு விஷயமும் சொன்னதாகச் சொல்கிறீர்கள். ஆமாம், உண்மைதான். அமெரிக்கா போனாலும் ஆட்டம் நிற்காது, ஈமெயிலில் தொடரலாம் என்று சுதீர் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். சீனுவுக்கு பிரவுசிங் சென்டரில் அவனே கணக்குத் திறந்து கொடுத்தான். ஒருவரும் பிரிய வேண்டியிருக்கவில்லை. புதிய கதையைத் தானே எழுதி, அங்கிருந்து தானே நடத்துவதாகச் சொன்னான். “நீ எத்தனை வருஷமா எங்களுக்காக உழைச்சுட்ட தியோ, இனிமே நீயும் ஒரு ஆள எடுத்துட்டு சும்னே ஜாலியா விளையாடு” என்றான். மற்ற இருவரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். இதை நான் மறைக்கவில்லை, ஐயா. வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று விட்டுவிட்டேன்.