எட்டாவது செபம்

விடியற்காலை நாலு இருபது. தேவிகுளம் தாண்டி மேலே ஏறும் எஸ்டேட் ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை… மேகம் இறங்கி ரோட்டில் படுத்திருந்தது.

நம்ம சகாயத்தின் தாய்மாமன் ஏசுதாஸுக்கு நடந்தது இது. சகாயம் இன்று ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, அதையும் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஏசுதாஸ் போட்டோ எடுக்கிறவர். கல்யாணப் போட்டோ இல்லை… கடலும் மலையும். நார்வே, ஐஸ்லாந்து, சிலி என்று இருபத்திரண்டு வருஷம், காலண்டர் போடும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக. அந்தக் கம்பெனிக்கு ஒரு கிறுக்கு. எத்தனை பெரிய மலையானாலும் அடியில் சின்னதாக ஓர் ஆள் நிற்க வேண்டும். சிவப்பு மழைக்கோட்டு, முதுகு மட்டும். அப்போதுதான் மலை எவ்வளவு பெரிது என்று தெரியுமாம். தனியாகப் போகிற மனுஷன் ஆளுக்கு எங்கே போவார்? காமிராவைத் திறந்து வைத்துவிட்டு, தானே ஓடிப்போய் நிற்பார்.

இருட்டில் எடுக்கும் படத்துக்கு நாலு நிமிஷம் காமிரா திறந்தே இருக்கும். நாலு நிமிஷமும் அசையக் கூடாது. பாதியில் நகர்ந்தால் உடம்பு புகை மாதிரி விழும், பின்னால் இருக்கும் பாறை உள்ளே தெரியும். கடிகாரம் பார்க்கக் கையைத் தூக்கினாலும் போச்சு. அதனால் எஸ்டேட் லயத்து வீட்டில் சின்னப் பிள்ளையாகப் படித்த அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லிக் கணக்கு வைப்பார். நிதானமாகப் பன்னிரண்டு சொன்னால் நாலு நிமிஷம். உலகத்தில் எந்தக் கடற்கரையிலும் அவருக்கு அதுதான் கடிகாரம்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது கடைசிப் படம். அதோடு ஒப்பந்தம் முடிந்தது, இனி வீடுதான். முந்தின ராத்திரி அவர் மனைவி சிசிலி, சித்திரபுரம் குவார்ட்டர்ஸில், அந்தச் சிவப்புக் கோட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். சண்டை போடவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்:

“படத்துல நிக்கிற ஆளப் பாத்துப் பாத்து எனக்குச் சடைஞ்சு போச்சுங்க. வீட்ல உக்காந்திருக்க ஆளு ஒண்ணு வேணும்.”

அவருக்கும் அதுதான் வேண்டும். சாவியைக் கேட்கக்கூட மனசு வரவில்லை. கறுப்பு ஸ்வெட்டரோடு கிளம்பிவிட்டார்.

காமிராவை அழுத்தினார். நாற்பது அடி நடந்தார். பாறைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். கிராண்டிஸ் தைல மரத்து இலை வாசனை… எங்கேயோ ஓடைச் சத்தம். ஒன்று. இரண்டு. முழங்கால் கடுத்தது. ஐந்து. இருபத்திரண்டு வருஷத்துக் குளிரும் அன்றைக்குத்தான் எலும்புக்குள் இறங்கியது மாதிரி இருந்தது. ஏழாவதைச் சொல்லி முடித்தார்… அவ்வளவுதான், முடியவில்லை. படம் கெட்டால் கெடட்டும் என்று பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

எட்டாவது செபம் கேட்டது.

அவர் நின்றிருந்த இடத்திலிருந்து. ஆம்பளைக் குரல். அவசரமே இல்லை. எட்டு முடிந்து ஒன்பது… பத்து… ஏசுதாஸ் தலையைத் திருப்பவில்லை. பன்னிரண்டு முடிந்ததும் தூரத்தில் காமிரா ‘டக்’கென்று மூடியது. எழுந்து பார்த்தார். யாரும் இல்லை.

ஆனால் படத்தில் ஆள் இருந்தது. பாதி நேரம் நின்றவர் புகையாகத்தானே விழ வேண்டும்? புகை இல்லை. கல் மாதிரி அசையாத ஓர் ஆள், முதுகு காட்டிக்கொண்டு… சிவப்புக் கோட்டில்.

அவர் அதையே அனுப்பிவிட்டார். நின்றவன் எவனாயிருந்தால் என்ன, வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தார். இரண்டு நாள் எழவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம். புதிய படங்கள் பிரமாதம், நன்றி என்று. படங்களையும் சேர்த்திருந்தார்கள். ஐஸ்லாந்துக் கடற்கரை, சிலி மலை… ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோட்டு. ஏசுதாஸ் சித்திரபுரம் கடைவீதி தாண்டி எங்கும் போகவில்லை. சிசிலி பெட்டியைத் திறந்தாள். கோட்டு ஈரம். உப்பு வாசனை. பையில் ஒரு கைப்பிடி கறுப்பு மணல்.

என்ன செய்வது என்று தெரியாமல், எப்போதும் செய்வதுபோல அலசிக் கொடியில் போட்டாள். அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

“போறவன் போட்டும் சிசிலி. எனக்கு ஒறங்கணும்.”

போன மாதத்திலிருந்து, நாலு இருபதுக்கு, குவார்ட்டர்ஸ் வளைவில் அந்தக் குரல். ஒன்று… இரண்டு… மெதுவாக, இழுத்து இழுத்து. ஏழோடு நின்றுவிடும். அப்புறம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். சகாயம் ஒரு ராத்திரி துணைக்குப் படுத்திருந்து தன் காதால் கேட்டான். மாமன் குரலேதான், ஓய்ந்துபோன குரல். உள்ளே மாமன் உறக்கத்திலேயே உதட்டை அசைப்பார், எட்டாவதைத் தொடங்க. எட்டைச் சொன்னால் அவர் போய் நிற்க வேண்டிவரும் என்று பயந்து, சிசிலி அவர் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்வாள். விடியும்வரை. தினமும்.

பகலெல்லாம் வேலை, ராத்திரியெல்லாம் இது. பாவம், அவளும் மனுஷிதானே.

இன்று காலையில் சிசிலியிடமிருந்து சகாயத்துக்குப் போன் வந்தது. அவர் வாயிலிருந்து கை நழுவிவிட்டதாம்.

“நேத்து எனக்குக் கண்ணு அசந்து போச்சுடா…” என்று மட்டும் சொன்னாளாம்.

சகாயம் ஓடினான். மாமன் செருப்பு வாசலில் கிடந்தது. கொடியில் கோட்டு இல்லை. கட்டிலில் ஆள் இருக்கிறது. மாமன் முகம்தான்… பூட்ஸைக் கழற்றாமல், சுவரைப் பார்த்து, அசந்து உறங்குகிறது. விரிப்பெல்லாம் கறுப்பு மணல். சிசிலி அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். சகாயமும் அவளோடு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

சாயங்காலம் மாமன் போனுக்குக் கம்பெனி ஒரு படம் அனுப்பியதாம். சகாயம் அதை எனக்கும் அனுப்பினான். வெறும் பனி மலை. அடியில் சின்னதாகச் சிவப்புக் கோட்டு, முதுகு காட்டிக்கொண்டு.

பெரிதாக்கிப் பார்த்தேன்… அந்தப் பனியில் காலில் செருப்பு இல்லை.