கிடைக்காத அச்சுகள்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது. எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். நன்றி. இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவசரமில்லை, கதவைத்தான் பூட்டியிருக்கிறீர்களே.

பழைய ரோமாபுரி நாணயங்கள் மொத்தம் எத்தனை அடிக்கப்பட்டன என்று மதிப்பிடுவது என் வேலை. அந்தக் காலத்துக் கணக்கு எதுவும் மிஞ்சவில்லை, அதனால் கிடைத்த காசுகளை வைத்து அவற்றை அடித்த அச்சுகளை எண்ணுவோம். ஒவ்வோர் அச்சையும் ஒருவன் கையால் செதுக்கினான். ஒன்றில் மன்னரின் தாடி சற்று நீளும், இன்னொன்றில் மூக்கு கோணிப்போகும். ஒரே அச்சில் பிறந்த காசுகள் திரும்பத் திரும்பக் கிடைத்தால், அநேகமாக எல்லா அச்சையும் பார்த்துவிட்டோம் என்று பொருள். ஒரே ஒரு காசில் மட்டும் தென்படும் அச்சை 'ஒற்றை' என்போம். ஒற்றை கிடைத்தால், கண்ணில் படாதவை இன்னும் இருக்கின்றன என்று அர்த்தம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மன்னரின் வெள்ளிக் காசுக்கு ஒற்றையே இல்லை, எல்லா அச்சும் கிடைத்துவிட்டன, மொத்தம் இத்தனைதான் என்று எழுதிப் பெயர் வாங்கினேன். எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் பாடம் நடத்துகிறார்கள். அதன் பிறகு அருங்காட்சியகத்துக்கு வந்த பைகளில் ஒற்றைகள் தலைகாட்டின. அவற்றை ஆய்வுக்கூட உலையில் போட்டு உருக்கினேன். சொன்ன எண்ணுக்குள் நானே வசமாக மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

என்னிடம் உதவியாளர்கள் நிலைப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு. கடைசியில் மனைவியின் தம்பியையே சேர்த்துக்கொண்டேன். எதையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பான் என்பதால் வீட்டில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தங்கமான மனிதன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு காசோடு வந்து நின்றான்.

"அத்தான், இந்தத் தாடியப் பாருங்க. நம்மகிட்ட இருக்கற எந்த அச்சுலயும் இது இல்ல. போன வருஷமும் இப்படி ஒண்ணு வந்துச்சே, அது எங்க?"

பெட்டக அறையில் தேடிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளி கறுக்காமலிருக்க அது காற்றுப் புகாத சின்ன அறை. ஆள் உள்ளே போனால் வெளியிலிருந்து காற்றுக்கான விசையைப் போட வேண்டும். கதவைச் சாத்தினேன். விசையைப் போடவில்லை.

"அத்தான், கதவு மாட்டிக்கிச்சு போல" என்றான் உள்பேசியில். வெகுநேரம் கழித்து, "விளையாடாதீங்க அத்தான், மூச்சு முட்டுது" என்றான். கடைசிவரை அவன் என்னைச் சந்தேகப்படவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். இருட்டென்றால் அவனுக்குப் பயம். விளக்கை மட்டும் எரியவிட்டேன்.

வீட்டில் மனைவி, "தம்பி சாப்பிட்டானாமா? கேட்டீங்களா?" என்றாள். வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நேற்று அவனை வெளியே எடுத்தீர்கள். ஒருவன்தான் என்று உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அவசரப்படுகிறீர்கள் ஐயா. ஒற்றை கிடைத்தால் என்ன அர்த்தம் என்று முதலிலேயே சொன்னேனே. கீழ்த்தளத்தில் இப்போது யாரும் திறக்காத பழைய பெட்டக அறை ஒன்று உண்டு. சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கேயும் நான் விளக்கை அணைக்கவில்லை.